'செற்றில்மென்ற்' என்றொரு சொல்

பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் மேசையில் உட்கார்ந்தவர்களை அலைக்கழிப்பவை அரிய சொற்கள் அல்ல. அவற்றுக்கு அகராதி உண்டு. நாள்தோறும் வந்துபோகும் எளிய சொற்களே ஆளைக் கவிழ்ப்பவை. என் அனுபவத்தில் அவற்றுள் முதலிடம் 'செற்றில்மென்ற்' என்ற சொல்லுக்கே உரியது.

வழக்காளிகள் இருவர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானால் அது இணக்கம். வியாபாரி கடனை அடைத்தால் கணக்குத் தீர்த்தல். புது வீட்டின் அத்திவாரம் சற்றுக் கீழிறங்கினால் பொறியியலாளர் அதையும் இதே சொல்லாலேயே குறிப்பார். தமிழ்நாட்டில் தகப்பன் மகளுக்குச் சொத்து எழுதிவைக்கும் பத்திரத்துக்கு 'செட்டில்மெண்ட்' என்றே பெயர். நம்மிடம் அது நன்கொடை உறுதி. 1793இல் கோர்ன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் கொண்டுவந்த ஏற்பாடு வரலாற்று நூல்களில் நிரந்தர நிலவரித் திட்டம் ஆகின்றது. இலங்கையின் 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலோ அது காணி நிர்ணயம். அதாவது, எது தனியார் காணி, எது முடிக்குரிய காணி என முடிவுகட்டுதல். 'பிள்ளையள் எல்லாரும் கனடாவிலை செற்றில்' என்று பெற்றோர் பெருமூச்சோடு சொல்வதற்கு மட்டும் நல்ல தமிழ் எனக்கு இன்னும் அகப்படவில்லை. 'வேரூன்றிவிட்டார்கள்' என்று எழுதினால் அந்தப் பெருமூச்சு காணாமற் போய்விடுகின்றது.

இவையெல்லாம் சிறு தொல்லைகளே. இச்சொல்லின் வேறு இரண்டு பொருள்கள்தாம் உண்மையான சங்கடத்தைத் தருபவை: ஒன்று தீர்வு, மற்றது குடியேற்றம். பலஸ்தீனச் செய்திகளைக் கையாண்டவர்கள் இதனை நன்கு அறிவர். மேற்குக் கரையில் இஸ்ரேல் அமைத்து வருவதும் 'செற்றில்மென்ற்'; அதனால் எட்டாமற் போகும் சமாதான இணக்கமும் 'செற்றில்மென்ற்'. ஆங்கிலத்தில் எழுதுபவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் எழுதுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. அச்சுக்குப் போகும் அவசரத்திலும் அவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்.

இந்தத் தீவின் தமிழருக்கு இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டு நிற்பவை. 1957 ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தைப் பாருங்கள். தீர்வுக்கான அந்தக் குறுகிய ஆவணத்திலேயே, குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு உரியது என எழுதப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்பாட்டில் இன்னும் விளக்கமான வரிசை ஒன்று இருந்தது. வடக்கு கிழக்கில் காணி முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு. அடுத்து அம்மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு. அதன் பின்னரே நாட்டின் ஏனைய பிரஜைகளுக்கு. குடியேற்றத்தைப் பற்றிப் பேசாமல் தீர்வைப் பற்றிப் பேச முடியாது என்பதை ஒப்பமிட்டவர்கள் அறிந்தே இருந்தனர். இரண்டு உடன்பாடுகளும் நிறைவேறவில்லை என்பது ஊரறிந்த கதை.

1957இன் ஆங்கில வாசகம் குடியேற்றத்துக்கு 'கொலனைசேஷன்' என்ற சொல்லை ஒளிவுமறைவின்றி ஆண்டது. பின்வந்த மகாவலி ஆவணங்களில் 'செற்லர்', 'செற்றில்மென்ற்' என்ற சாதுவான சொற்கள் பெருகின. சொல் சாதுவானதால் காரியமும் சாதுவாகிவிடவில்லை. 1980களில் மணலாறு 'வெலி ஓயா' ஆயிற்று. சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல், 'ஓயா' என்றால் ஆறு. மொழிபெயர்ப்பு என்ற அளவில் அதில் எவரும் குறைகாண முடியாது!

குடியேற்றம் என்ற சொல்லே தீட்டுப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காடுவெட்டிக் களனியாக்கியவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன குடியேற்றவாசிகள் ஏராளம். புதுக்குடியிருப்பு என்ற பெயரே ஒரு காலத்துப் புதுக்குடிகளைத்தானே சொல்கின்றது? யார் குடியேற்றப்படுகிறார்கள், யார் தெரிவு செய்கிறார்கள் என்பதே வழக்கு.

ஆனால் 2009க்குப் பின்னர் தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைபெற்றுவிட்ட 'மீள்குடியேற்றம்' என்ற சொல்லோடு எனக்குத் தீராத பிணக்கு உண்டு. அது ஆங்கிலச் சொல்லின் நேர்வார்ப்பு. உள்நாட்டு இடப்பெயர்வு தொடர்பாக ஐ.நா. 1998இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்த வீட்டுக்குத் திரும்புதலையும் நாட்டின் வேறோர் இடத்தில் குடியமர்தலையும் வெவ்வேறாகவே பேசுகின்றன. நமது அரசாங்கம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தது; தமிழும் அதைச் சுமந்தது. பாட்டன் நட்ட பலாமரத்தடிக்குத் திரும்பிப் போகிறவன் எப்படிக் 'குடியேறுகிறான்'? அவன் ஊர் திரும்புகிறான்.

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று. 2009இல் வவுனியா முகாம்களில் 2,50,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, மீள்குடியேற்றம் நிறைவெய்திவிட்டதென அரசாங்கம் உலகுக்கு அறிவித்தது. கடைசியாக வெளியேறியவர்கள் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள். அவர்களுடைய காணிகளில் படைமுகாம்கள் இருந்தன. ஆதலால் அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட இடம் சீனியாமோட்டை. அந்த மக்களில் ஒரு பகுதியினர் 2017இல் விமானப்படை முகாமின் வாசலில் ஒரு மாதம் இரவுபகலாக அமர்ந்திருந்து, மார்ச் 1ஆம் திகதி பிலக்குடியிருப்பில் தங்கள் வளவுகளுக்குள் கால்வைத்தனர். ஆகவே, 2012இல் நடந்ததற்கு என்ன பெயர்? 2017இல் நடந்ததற்கு என்ன பெயர்? இரண்டுக்கும் 'மீள்குடியேற்றம்' என்றே தலைப்பிட்டால், இடையிற் கழிந்த நாலரை ஆண்டுகளுக்கு வாசகன் எந்தக் கணக்கில் இடம் தேடுவான்?

அமைச்சுகள் தங்கள் பெயர்ப்பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். செய்தி மேசையில் இருக்கும் இளையவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். இத்தனை குடும்பங்கள் மீள்குடியேறின என்று அடுத்த அறிக்கை வரும்போது, எந்தக் காணியில் என்று ஒரு தொலைபேசி அழைப்பெடுத்து விசாரியுங்கள். ஊர் திரும்பியோர் இத்தனை பேர், வேற்றிடத்தில் குடியமர்த்தப்பட்டோர் இத்தனை பேர் என்று இரண்டு எண்களாகப் பிரித்துப் போடுங்கள்.