மாத்திரையை நிறுத்தியதும் வரும் எரிச்சல்

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலரின் மருந்துச் சீட்டில் பாண்டோபிரசோல் அல்லது ஒமெப்ரசோல் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். "கேஸ் மாத்திரை" என்று அவர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர். எதற்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்டால் பலருக்கு நினைவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் விடை உடனே வருகிறது: "நிறுத்திப் பார்த்தேன் டாக்டர், முன்னைவிட அதிகமாக எரிந்தது." அந்த எரிச்சல் உண்மையானதே. ஆயினும், மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது எங்கள் கருத்து.

இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள சில செல்கள் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. 1905இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் எட்கின்ஸ் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். உணவு இரைப்பையை அடைந்ததும் காஸ்ட்ரின் இரத்தத்தில் கலந்து அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. அமிலம் போதிய அளவு சேர்ந்ததும், சொமாட்டோஸ்டேட்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் சுரந்து காஸ்ட்ரினை அடக்குகிறது. இவ்வாறு அமிலமே தன் சுரப்புக்குக் கடிவாளம் இடுகிறது.

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும்போது அக்கடிவாளம் தளர்ந்து, காஸ்ட்ரின் அளவு உயர்கிறது. மாத்திரை தொடரும் வரை அதன் விளைவு வெளியே தெரிவதில்லை. பல வாரங்களுக்குப் பின் திடீரென நிறுத்தினால், காஸ்ட்ரினால் தூண்டப்பட்டிருந்த இரைப்பை சில காலம் மிகையாக அமிலம் சுரக்கிறது. டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுத் தொந்தரவு ஏதுமற்ற 120 பேர் பங்கேற்றனர். எட்டு வாரம் எசோமெப்ரசோல் உட்கொண்டு நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினர் அடுத்த நான்கு வாரங்களில் நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகளைத் தெரிவித்தனர். வெற்று மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களில் அது 15 விழுக்காடே. நோயே இல்லாதவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தியதால் எரிச்சல் வந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

இதனைப் படித்ததும் மாத்திரையைத் தூர எறிந்துவிட வேண்டாம். குடற்புண்ணில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்கள், ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளும் முதியவர்கள் ஆகியோருக்கு அது உயிர்காக்கும் மருந்து. மற்றவர்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். இடையில் எரிச்சல் தோன்றினால், அதனை உடனடியாகத் தணிக்கும் அமில முறிவு மருந்தைச் சில நாட்கள் பயன்படுத்தலாம். இரவு உணவை உறங்கச் செல்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வதும் துணைபுரியும். விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருப்பின் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

எத்தனை நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும் என்பதை மருந்துச் சீட்டில் எழுதித் தருவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. எழுதப்படாதபோது "இதை எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்பது உங்கள் உரிமை. அடுத்த முறை வரும்போது, தயங்காமல் கேளுங்கள்.