விமானம் ஏறும் முன் வாயில்லா உறவை நினைப்போம்

கடல் கடந்து சென்று பொருளீட்டுவது தமிழருக்குப் புதிதன்று. அன்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறினர். இன்று நம் கடம்பத்தூர் வட்டாரத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் விமானம் ஏறுகின்றனர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் என நாற்புறமும் தொழிற்சாலைகள் எழுந்தபின், தொழில் கற்ற இளைஞருக்கு வெளிநாட்டு வேலை எட்டாக்கனியாக இல்லை. விசா வந்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சிக்கு அளவேது? பெட்டிகள் வாங்கப்படுகின்றன, பாத்திரங்கள் பாட்டி வீட்டுக்குப் போகின்றன, வண்டிக்கு விலை பேசப்படுகிறது. எல்லாவற்றிற்கும் இடம் பார்த்தாகிவிட்டது. வாசலில் வாலையாட்டிக்கொண்டு நிற்கும் மணிக்கு என்ன ஏற்பாடு? இக்கேள்வி பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுகிறது. அது முதல் நாளிலேயே எழ வேண்டும் என்பது நம் கருத்து.

கடைசி வாரத்தில் எழும் கேள்விக்கு நல்ல விடை கிடைப்பதில்லை. "நாய்தானே, எங்காவது பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, இரயில் நிலையத்தருகிலோ ஏரிக்கரையிலோ இறக்கிவிட்டு வருவோர் உண்டு. ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் தெருவில் பிழைப்பதில்லை. அங்குள்ள நாய்கள் அதைச் சேர்ப்பதில்லை. வாகனத்துக்கு ஒதுங்கவும் அது அறியாது. வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது குற்றம் என 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது முதற்குற்றத்துக்கு வைத்த அபராதம் 50 ரூபாய் வரைதான்! ஆகவே சட்டத்துக்கு அஞ்சி யாரும் திருந்தப் போவதில்லை. மனச்சாட்சிக்கு அஞ்சித்தான் திருந்த வேண்டும்.

வழித்துணையாக வந்த பிராணியைக் கைவிடலாகாது என்பது பழமையான அறம். நாயை விட்டுவிட்டு வந்தால்தான் விண்ணுலகம் என்றபோது தருமர் மறுத்து நின்றார் என்பது மகாபாரதம். இளைஞர் தோபியா தூர தேசம் புறப்பட்டபோது அவருடைய நாயும் உடன் சென்றது என்கிறது தோபித்து நூல். நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டது. அங்குப் பயின்ற நம் நாட்டு மாணவர்களை மீட்க 'ஆப்ரேஷன் கங்கா' என்ற பெயரில் விமானங்கள் அனுப்பப்பட்டன. குண்டு விழும் நகரங்களிலிருந்து எல்லை நோக்கி வந்த மாணவ மாணவியருள் சிலர், தம் நாயையும் பூனையையும் தோளில் சுமந்து வந்தனர். வழக்கமான காலமாயின் அவ்விலங்குகளை நம் நாட்டுக்குள் கொண்டுவர முன் அனுமதியும் மருத்துவச் சான்றும் வேண்டும். இந்திய அரசு அந்த ஒருமுறை மட்டும் விதிகளைத் தளர்த்தி அவற்றையும் வரவேற்றது. போர்க்களத்திலிருந்து வந்தவர்களே துணையைக் கைவிடவில்லை. நல்ல சம்பளத்துக்குப் போகும் நாம் கைவிடலாமா?

ஆனால் அன்பு மட்டும் போதாது, நாள்காட்டியும் வேண்டும். நாயை ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றுக்கு அழைத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதலில், 15 இலக்க அடையாள எண் கொண்ட அரிசியளவு சில்லு ஒன்றை அதன் தோலுக்கடியில் செலுத்த வேண்டும். பின்னர்தான் வெறிநோய்த் தடுப்பூசி. சில்லுக்கு முன்னே போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழித்தே பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கலாம். ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச் சக்தி இருப்பதை, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் உறுதி செய்ய வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு மாதம்! வேலை தரும் நிறுவனமோ ஒரே மாதத்தில் வந்து சேரச் சொல்கிறது. தெருவில் விடப்படும் நாய்களின் துயரத்திற்கு இந்த மூன்று மாத இடைவெளியும் ஒரு காரணம் எனலாம்.

நாட்டுக்கு நாடு விதியும் மாறும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அனுமதியில்லை. இந்தியாவிலிருந்து நேரே நாயையோ பூனையையோ ஏற்க ஆஸ்திரேலியா இசைவதில்லை. சிங்கப்பூரின் அரசு அடுக்ககங்களில் பொதுவாக ஒரு வீட்டுக்கு ஒரு சிறு இன நாயே வளர்க்கலாம்; நம் ராஜபாளையத்துக்கு அங்கே இடமில்லை. வீட்டுக் கூண்டில் கிளி வளர்ப்போரும் ஒன்றை அறிய வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைக் கூண்டில் வைப்பதே குற்றமாகும். விமானம் ஏற்றுவது பற்றிப் பேச்சே இல்லை.

"ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்று சிலர் சலித்துக்கொள்வர். காரணம் நம்மிடமே இருக்கிறது. உலகில் வெறிநோயால் நேரும் மரணங்களில் 36 விழுக்காடு இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லூயி பாஸ்டர் 1885 இலேயே தடுப்பூசி கண்டார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 இல் தோன்றியது. மருந்து இருந்தும் மரணம் தொடர்கிறது என்றால் குறை யாருடையது? இங்கிலாந்து ஒரு காலத்தில் வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தது. தடுப்பூசியும் சில்லும் பெற்று, நோய் அடங்கிய சில நாடுகளிலிருந்து வருபவற்றுக்கு 2000 இல் அந்த அடைப்பை நீக்கியது. நோய் குறைந்தால் கதவு திறக்கும். நம் தெரு நாய்க்குப் போடும் தடுப்பூசி, அத்தெருக் குழந்தையின் உயிரைக் காக்கிறது. நாளை நம் நாட்டு நாயின் பயணத்தையும் அது எளிதாக்கும். நாய் வழி வரும் வெறிநோயை 2030 க்குள் ஒழிக்க 2021 இல் மைய அரசு திட்டம் வகுத்துள்ளது. அது வெற்றி பெறுவது நம் போன்றோர் கையில் உள்ளது.

இனி, பயணத்தைப் பற்றிச் சிறிது. விமானத்தின் அடியறையில் காற்றின்றி நாய் மூச்சு முட்டிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். விலங்குகளை ஏற்றும் அறையில் மேல் அறையைப் போலவே காற்றழுத்தமும் தட்பவெப்பமும் காக்கப்படுகின்றன. உண்மையான ஆபத்து, ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் ஓடுதளத்தில் காத்திருக்கும்போது தாக்கும் வெயில். சென்னையின் மே மாத வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலால் இரவு விமானமே நன்று. மூக்குச் சப்பையான பக், புல்டாக் போன்றவை வெப்பத்தில் மூச்சுத் திணறும். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவது உதவியன்று, ஆபத்து. பெட்டிக்குள் விலங்கு நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே அதில் படுத்துறங்கப் பழக்க வேண்டும்.

செலவும் சிறிதன்று. சரக்காக அனுப்பினால் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவர். 100, 70, 75 அளவுள்ள பெட்டிக்கு இது 87.5 கிலோ ஆகிறது. உள்ளே இருக்கும் நாய் 30 கிலோவாயினும் சரியே. "மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு விமானமா?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. எல்லாரும் நாயை விமானத்தில் ஏற்றியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முதிர்ந்த நாயையும் நோயுற்ற நாயையும் ஏற்றாமலிருப்பதே அன்பு. வசதி இல்லாதவர் கடன் வாங்க வேண்டுவதும் இல்லை. ஆனால், அழைத்துச் செல்வது அல்லது நம்பிக்கையான கையில் ஒப்படைப்பது என இரண்டே வழிகள்தாம் உள்ளன. தெருவில் விடுவது மூன்றாவது வழியன்று.

ஒப்படைப்பதற்கும் முறை உண்டு. பாட்டி வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ விடுவதாயின், சில வாரம் முன்பே அடிக்கடி அழைத்துச் சென்று பழக்க வேண்டும். ஊசிச் சீட்டையும் உணவு வழக்கத்தையும் எழுதிக் கொடுத்து, தீவனச் செலவையும் மாதந்தோறும் அனுப்ப வேண்டும். தந்தை முன்னே செல்ல, பள்ளியாண்டு முடிந்தபின் தாயும் பிள்ளைகளும் பின்னே செல்வது நம் குடும்பங்களில் வழக்கம். அந்த இடைவெளியில் நாயின் நான்கு மாதத்தையும் முடித்து, அதையும் உடன் அழைத்துச் செல்லலாமே! ஏற்றுமதிச் சான்றுக்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் மைய அரசின் விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருக்கிறது. தடுப்பூசிக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் போதும்.

சென்னையில் 1964 இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கிய கேப்டன் சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் விமானிகள். வானில் பறந்தவர்கள் தரையில் கிடந்த நாய்க்குட்டிகளை மறக்கவில்லை. நாளை நம் தோழியருள் எத்தனையோ பேர் வானேறிப் பல நாடுகளுக்குச் செல்வர்; செல்லத்தான் வேண்டும். ஆயினும் தோழியரே, இன்று வீட்டில் ஒரு நாய்க்குட்டி வேண்டுமென அடம் பிடிக்கும்போதே, அதன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்வுக்கும் நாம் பொறுப்பேற்கிறோம் என்பதை நினைவிற் கொள்வோம். பெற்றோர்களே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே மணியின் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள். வாய் திறந்து கேட்கத் தெரியாத உயிருக்காக, கேட்கத் தெரிந்த நாம் முன்னதாகவே கேட்போம்.