டீசல் ஏறினா உழவுக்கூலி ஏறுது. நெல்லு விலை ஏறுதா?



மாட்டை விற்று டிராக்டருக்கு மாறினோம். இன்னைக்கு உழவு, அண்டை வெட்டு, அறுவடை மெஷின், களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு வண்டி வாடகை எல்லாமே டீசல்தான். நமக்குச் சொந்த டிராக்டர் இல்லாவிட்டாலும் வாடகையில் அந்த விலையைக் கொடுக்கிறோம்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, சில மாதத்திலேயே கச்சா எண்ணெய் விலை நாலு மடங்காச்சு. அப்பவும் இங்கே விலை ஏறிச்சு. ஆனா பிறகு பல ஆண்டுகள் விலையை வைத்தது அரசாங்கம். நாடாளுமன்றத்தில் சட்டையைப் பிடிச்சுக் கேட்க முடிஞ்சது. 2014 அக்டோபரில் டீசல் விலையை நிர்ணயிப்பதிலிருந்து அரசு விலகிக்கொண்டது. 2017 ஜூன் முதல் தினசரி விலை. "உலகச் சந்தை இறங்கினா உங்களுக்கும் இறங்கும்" என்றார்கள்.

இறங்கிச்சா? 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போச்சு. 2020 ஏப்ரலில் 20 டாலர் பக்கம் வந்தது. அந்த லாபம் நம்ம வயலுக்கு வரவில்லை. 2014-ல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த மத்திய கலால் வரி, 2020 மே மாதம் 31 ரூபாய் 83 காசு ஆனது. ஏறக்குறைய ஒன்பது மடங்கு! அதே காலத்தில் சாதாரண நெல்லுக்கு ஆதார விலை குவிண்டால் 1,360-லிருந்து 1,868 ரூபாய். ஒன்றரை மடங்குகூட இல்லை.

2021 அக்டோபரில் சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியது. பிறகு 2021 நவம்பரில் 10, 2022 மே மாதம் 6 ரூபாய் வரி குறைத்தார்கள். ஏத்தினது 28, இறக்கினது 16. இதுக்குப் பேர் சலுகையாம்! மாநில அரசும் 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலைத் தொடவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2021 பட்ஜெட்டில் டீசல் லிட்டருக்கு 4 ரூபாய் 'வேளாண் உள்கட்டமைப்பு செஸ்' போட்டார்கள். விவசாயத்தை வளர்க்க, உழுகிறவனிடமே வரி!

மீன்பிடி விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் தமிழ்நாட்டில் தரப்படுகிறது. அது நியாயம்; மீனவர்கள் கேட்டு வாங்கிய உரிமை. கடலுக்கு உண்டென்றால் வயலுக்கு ஏன் கூடாது?

நாம் கேட்பது இனாம் அல்ல. ஏக்கர் கணக்கில் உழவுக்கும் அறுவடைக்கும் வரியில்லா டீசல் கொடு! குத்தகை விவசாயியையும் அதில் சேர்! ஆதார விலையில் உண்மையான டீசல் செலவைக் கணக்கில் எடு!

வர்ற கிராமசபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாக்குவோம். உழவு ரசீதையும் அறுவடை ரசீதையும் கையோடு கொண்டு வாங்க. நம்ம கணக்கை நாமே பேசுவோம்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!