புதன் இரவுப் பாட்டு

புதன்கிழமை என்பது வாரத்தின் நடுவே, எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு நாள். சனிக்குரிய கொண்டாட்டமோ ஞாயிற்றுக்குரிய ஓய்வோ அதற்கில்லை. எனினும் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத் தலைநகரான ஒஸ்ரினில், 1960-களின் தொடக்கத்திலே, அந்த ஓர் இரவுக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்தோர் உண்டு. அவர்கள் கூடிய இடம் சங்கீத மண்டபமன்று. நகரின் வடபுறத்தே, டலஸ் செல்லும் பெருந்தெருவோரத்தில் இருந்த பழைய பெற்றோல் நிலையம். அதன் உரிமையாளர் கெனத் திரெட்கில் என்பவர் பெற்றோலோடு பியரும் விற்றவர். குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் இப்பக்கத்தில் மதுக்கடைக்கு என்ன அலுவல் என மூத்த வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நாம் சொல்ல வந்தது போத்தலைப் பற்றியதன்று, பாட்டைப் பற்றியது.

திரெட்கில் 1909-இல் கிறிஸ்தவ போதகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தவர். இளமையில் போமொன்ற் நகரத்துத் தியேட்டர் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் ஜிம்மி ரொட்ஜர்ஸ் என்னும் பாடகரைச் சந்தித்தார். அச்சந்திப்பு அவரை ஆயுள் முழுவதும் ஆட்கொண்டது. ரொட்ஜர்ஸ் புகையிரதத் தொழிலாளியாக இருந்தவர். காசநோயினால் அத்தொழிலைத் துறந்து, கிற்றாரைக் கையிலெடுத்து, 1927-இல் இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கி, ஆறே ஆண்டுகளில், முப்பத்தைந்தாம் வயதில், அந்நோய்க்கே இரையானவர். பின்னாளில் ‘கன்ட்ரி’ இசையின் தந்தை என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

‘கன்ட்ரி’ இசை யாது என்று கேட்கும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் தம்மோடு கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடிலும் ஒரு புறம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோர் தந்த பான்ஜோவும் அவர்தம் சோகப் பாடல்களும் மறுபுறம். இவ்விரண்டும் தென்மாநிலங்களில் கலந்து விளைந்ததே அவ்விசை. ரொட்ஜர்சின் தனிச்சிறப்பு ‘யோடல்’ என்பது. கீழ்க்குரலில் பாடி வருகையிலே சட்டென்று குரலை முறித்து உச்சத்துக்கு ஏற்றி, மறுகணமே இறக்குதல். திரெட்கில் இதனை நன்கு பயின்றிருந்தார். பியர் வார்த்துக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றவர் முன்னே வந்து ‘யோடல்’ செய்வதைக் கேட்கவே பலர் வந்தனர்.

1933 டிசெம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது, இரவு முழுவதும் வரிசையில் நின்று, அவ்வட்டாரத்திலேயே முதலாவது பியர் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றவர் இவரே என்பர். பெற்றோல் வியாபாரம் நாளடைவில் பின்தள்ளப்பட்டது. பாட்டு முன்னே வந்தது. புதன்தோறும் இரவில் பாடகர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மாறிமாறிப் பாடினர். சம்பளம்? இரண்டு சுற்றுப் பியர் இலவசம், அவ்வளவே. பரிசுமில்லை, நடுவருமில்லை. பாட வந்தவர் பாடலாம், கேட்க வந்தவர் கேட்கலாம். இக்காலத்துத் தொலைக்காட்சிப் போட்டிகளில் பதின்வயதுப் பிள்ளைகள் மூன்று நடுவர்முன் நடுங்கி நிற்பதைக் காணுந்தோறும் அம்மேசை நம் நினைவுக்கு வருகின்றது.

1962-இல் அம்மேசைக்கு ஒரு மாணவி வந்தார். பெயர் ஜானிஸ் ஜொப்ளின், வயது பத்தொன்பது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரான போர்ட் ஆர்தரிலிருந்து சித்திரம் பயில ஒஸ்ரின் சர்வகலாசாலைக்கு வந்திருந்தவர். உடையிலும் நடையிலும் பிற மாணவியரோடு ஒட்டாதவர். ‘வளாகத்தின் அவலட்சணமான ஆடவர்’ என்றொரு கேலிப் போட்டியை மாணவர் நடத்தியபோது, அதற்கு இப்பெண்ணின் பெயரைச் சிலர் கொடுத்தனர். படித்த பிள்ளைகள் செய்த வேலை அது! அதே பெண் புதன் இரவுகளில் இரு மாணவ நண்பரோடு அப்பெற்றோல் நிலையத்தில் அமர்ந்து, மடியில் ஓட்டோஹாப் என்னும் தந்திவாத்தியத்தை வைத்துப் பாடியபோது, உழைத்துக் களைத்து வந்திருந்த தொழிலாளரும் மாணவரும் பேச்சை நிறுத்திக் கேட்டனர். தந்தை வயதுடைய திரெட்கில், அவர் குரலில் இருந்ததை உணர்ந்து ஊக்கினார். மயிர் வெட்டாத மாணவரும் தொப்பியணிந்த நாட்டுப்புறத்தாரும் ஒரே வாங்கில் அமர்வது அந்நாளைய ரெக்ஸாஸில் எளிதன்று. அங்கே அது வாரந்தோறும் நிகழ்ந்தது.

1963 ஜனவரியில் ஜானிஸ் படிப்பைக் கைவிட்டு சன் பிரான்சிஸ்கோ சென்றார். 1967-இல் மொன்ரேரே இசைவிழாவில் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. பல்லாயிரவர் திரண்ட அரங்குகள், பெரும் பணம், அவற்றோடு போதைப் பழக்கமும். எனினும் அவர் அந்த முதியவரை மறந்தாரல்லர். 1970 ஜூலையில், திரெட்கில்லைச் சிறப்பிக்க ஒஸ்ரின் அருகே விழா எடுத்தபோது, ஹவாயில் கச்சேரி முடித்த கையோடு பறந்து வந்தார். அங்கிருந்து கொணர்ந்த மலர்மாலையை அவர் கழுத்தில் இட்டு, கிறிஸ் கிறிஸ்ரோபர்சன் இயற்றிய ‘கன்ட்ரி’ பாடல்களைக் கூட்டத்தினர் முன் பாடினார். பெரிய வாத்தியக் குழு அன்றி, கிற்றார் ஒன்றையே துணையாகக் கொண்டு பாடியதாகச் சொல்வர். மூன்று மாதம் கழியுமுன், ஒக்டோபர் 4-ஆந் தேதி, மிகையான போதை மருந்தால் இருபத்தேழாம் வயதில் மாண்டார். அதே கிறிஸ்ரோபர்சனின் பாட்டொன்றை இறப்பதற்குச் சில நாள் முன் அவர் ஒலிப்பதிவு செய்திருந்தார். 1971-இல் அது அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

அவரை ஊக்கிய கிழவரோ நெடுநாள் வாழ்ந்தார். 1974-இல் மனைவி மறைந்த பின் கடையை மூடினார். எனினும் பாட்டை நிறுத்தவில்லை. 1980-இல் வில்லி நெல்சன் நடித்த திரைப்படமொன்றிலும் தோன்றினார். 1987-இல் காலமானார். இதற்கிடையே எடி வில்சன் என்பவர் அவ்விடத்தை வாங்கி உணவுச்சாலையாக்கினார். அங்கே புதன் இரவுப் பாட்டும் பல காலம் மீண்டும் நடந்தது. அச்சாலை 2020-இல், கொரோனாத் தொற்றின்போது மூடப்பட்டது.