ஒட்டுக் கேட்கும் பெட்டி

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது மரியாதையல்ல என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒட்டுக் கேட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும் பிரகிருதி ஒன்று பல வீடுகளில் டி.வி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச். (சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல, இன்டர்நெட் கம்பியை வாங்கி நாலைந்து கம்பிகளாகப் பிரித்துக் கொடுக்கிற சிறு பெட்டி.)

சாதாரண விஷயங்களில் இந்தப் பெட்டி வெகு சமர்த்து. மாமியாருக்கு வந்ததை மருமகளிடம் கொடுக்காது. அது தடுமாறுவது 'மல்டிகாஸ்ட்' என்ற சரக்கு வரும்போதுதான்.

இன்டர்நெட் கம்பி வழியாகவே டி.வி. சானல்கள் வருகிற வீடுகள் உண்டல்லவா? ஒரே நாடகத்தை ஆயிரம் வீடுகள் பார்த்தால் ஆயிரம் பிரதிகள் அனுப்புவது வீண் செலவு. ஒரு பிரதியை அனுப்பி, கம்பி கிளை பிரியும் இடத்தில் மட்டும் நகல் எடுத்துக் கொள்ளலாமே! இதற்கான விதிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டீரிங் 1989-ல் எழுதி வெளியிட்டார். இந்த ஏற்பாட்டில் சரக்கின் மேல் தனி ஆளின் விலாசம் இராது. ஒரு கோஷ்டியின் எண்தான் இருக்கும்.

கோஷ்டியில் யார் யார் என்று ஸ்விட்சுக்கு எப்படித் தெரியும்? தெரியாததால் எல்லாக் கம்பியிலும் கொட்டிவிடுகிறது. பந்தியில் வேண்டும் என்றவர் இலையிலும் வேண்டாம் என்றவர் இலையிலும் பாயசத்தை ஊற்றுகிற மாதிரி! வை-ஃபை பெட்டியும் அதே ஸ்விட்சில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மல்டிகாஸ்ட் சரக்கு எல்லாருக்கும் எட்ட வேண்டுமென்று வை-ஃபையில் மெதுவான வேகத்தில் அனுப்பப்படுவது வழக்கம். கூடத்தில் கிரிக்கெட் ஓடும். மாடியில் பெண்ணின் பாடம் பாதியில் நின்றுவிடும். வீண் பழி இன்டர்நெட் கம்பெனிக்கு.

இதற்குப் பரிகாரம் 'ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்'. டி.வி. பெட்டி ஒரு சானலைப் போடும்போது, "இந்தக் கோஷ்டியில் என்னையும் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று ரூட்டருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. அது ஸ்விட்சுக்கு எழுதியதல்ல. இருந்தாலும் நம் ஸ்விட்ச் போகிற போக்கில் அதை எட்டிப் பார்த்து, எந்தக் கம்பியிலிருந்து வந்தது என்று குறித்துக் கொள்கிறது. அப்புறம் அந்தச் சரக்கு அந்தக் கம்பிக்கு மட்டுந்தான்.

இதோடு விஷயம் முடிந்தது என்று பலர் தூங்கப் போய்விடுகிறார்கள். அங்கேதான் வம்பு!

குறித்து வைத்த பெயர் சாசுவதமல்ல. "இன்னும் யார் பார்க்கிறீர்கள்?" என்று ஒருவர் அவ்வப்போது விசாரிக்க வேண்டும். சாதாரண ஏற்பாட்டில் 125 விநாடிக்கு ஒரு முறை விசாரணை. பதில் சொல்ல 10 விநாடி அவகாசம். இரண்டு விசாரணைக் காலம் போயும் பதில் இல்லை என்றால், அதாவது 260 விநாடி ஆனால், பெயர் அடிபட்டுப் போகும். விசாரிப்பவருக்குக் 'குவெரியர்' என்று பெயர். வழக்கமாக ரூட்டர்தான் அந்த உத்தியோகம் பார்க்கிறது. இரண்டு பேர் போட்டிக்கு வந்தால் விலாச எண் சிறியதாக உள்ளவருக்கே பதவி. யாருமே இல்லாவிட்டால்?

படம் ஜோராக வரும். நாலு நிமிஷம் போனதும் நின்றுவிடும். சானலை மாற்றித் திரும்பினால் மறுபடி வரும். மறுபடி நாலு நிமிஷத்தில் நிற்கும். கம்பியை மாற்றுவார்கள், டி.வி.யைத் தட்டுவார்கள். உங்கள் வீட்டில் இப்படிக் கடிகாரம் வைத்தாற்போல் நின்றால், பழுது பார்க்க வருபவரிடம், "குவெரியர் இருக்கிறதா, பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆசாமி ஒரு நிமிஷம் அசந்து போவார். புது ஸ்விட்ச் வாங்கும்போதும் ஸ்னூப்பிங், குவெரியர் இரண்டும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றில் இரண்டுமே இராது.

இன்னொரு வசதியும் அதில் இருக்கலாம்: 'ஃபாஸ்ட் லீவ்'. ஒரு டி.வி. "நான் விலகுகிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில், மறு விசாரணை இல்லாமல் அந்தக் கம்பியில் சானலை வெட்டிவிடும். கம்பிக்கு ஒரு டி.வி. என்றால் மெத்தச் சௌகரியம். ஆனால் அதே கம்பியின் மறு நுனியில் இன்னொரு குட்டி ஸ்விட்ச் வைத்து, கூடத்து டி.வி.யையும் பாட்டியின் அறை டி.வி.யையும் மாட்டியிருக்கிறீர்களா? இரண்டிலும் ஒரே நாடகம் ஓடுகிறது. கூடத்தில் யாரோ சானலை மாற்றுகிறார்கள். உள்ளே, கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும் சமயத்தில், பாட்டிக்குக் கறுப்புத் திரை! அடுத்த விசாரணை வந்து அவருடைய பெட்டி மறுபடி பெயர் கொடுக்கும் வரையில் அவர் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டில் ஃபாஸ்ட் லீவை அணைத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.