சர்வரை அணைக்கும் முன் எண்ணைக் குறியுங்கள்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நல்லம்பள்ளி போன்ற ஊர்களின் மொத்தக் கடைகளிலும் கம்ப்யூட்டர் பில் வழக்கமாகிவிட்டது. கல்லாவில் ஒன்று, கிடங்கில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேசையில் ஒன்று. கணக்குக் கோப்புகள் மட்டும் ஒரே சர்வரில் இருக்கும். மற்றவை நெட்வொர்க் வழியாக அவற்றைத் திறந்து எழுதும். சந்தை நாளில் அந்த சர்வர் நின்றுபோனால் என்ன பாடு என்று வியாபாரிக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏற்றிய வண்டி பில் இல்லாமல் நகராது.

சர்வீஸ் ஆள் வருகிறார், அணைத்துப் போடுகிறார், ஓடுகிறது. நாலாம் நாள் மறுபடி நிற்கிறது. மூன்றாம் தடவை, "பழைய மெஷின் ஐயா, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். இது நியாயமல்ல என்பது என் கருத்து. கிடங்கில் பருப்பு குறைந்தால் இருப்பு எடுத்துப் பார்க்கிறோமா, புதுக் கிடங்கு கட்டுகிறோமா?

ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் தன் மெமரியில் ஒரு சீட்டு போட்டுக்கொள்கிறது. ஹேண்டில் என்பார்கள். கோப்பை மூடியதும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். ஏதோ ஒரு புரோகிராம் கிழிக்காமலே விட்டால் சீட்டு சேர்ந்துகொண்டே போய், கடைசியில் இடமில்லாமல் சர்வர் திணறும். இதுதான் கசிவு. அணைத்துப் போட்டால் சீட்டு எல்லாம் ஒழியும். எது கசிந்தது என்ற தடயமும் கூடவே ஒழியும்.

ஆகவே காலையில் கடை திறந்ததும், இரவு பில் கம்ப்யூட்டர்களை மூடியபின்னும், டாஸ்க் மேனேஜரில் ஹேண்டில்ஸ் எண்ணையும் மெமரி அளவையும் நோட்டில் எழுதுங்கள். பகலில் ஏறி இரவில் இறங்கினால் கோளாறில்லை. நாளுக்கு நாள் ஏறினால் கசிவுதான். எந்தப் புரோகிராமின் எண் ஏறுகிறது என்பதும் அங்கேயே தெரியும். 'சிஸ்டம்' என்ற பெயரில் ஏறினால் ஆன்டிவைரஸையும் டிரைவர்களையும் சந்தேகிக்கச் சொல்லுங்கள். (சாதாரண விண்டோஸ் 10, ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டருக்கு மேல் ஏற்காது. அது வரம்பு, கசிவல்ல.)

சின்னக் கடை விவகாரம் என்று நினைக்கவேண்டாம். 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், சேமிப்பு சர்வர்களில் ஓடிய தகவல் திரட்டும் சிறு புரோகிராம் ஒன்று, மாற்றப்பட்ட வேறொரு சர்வரைத் தேடித் தேடி மெமரியைக் கசியவிட்டது. பல இணையதளங்கள் முடங்கின. அதன்பின் அந்தக் கசிவு மறுபடி தென்பட்டால் எச்சரிக்கை வரும்படி அவர்கள் ஏற்பாடு செய்தார்கள்.

நாமும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், "அணைக்கும் முன் எண்களைக் குறித்துத் தரவேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். அதற்கொரு மாதிரிப் படிவத்தைச் சங்கமே அச்சிட்டுத் தரலாம்.