இரண்டு வெட்டு விசைகள்

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின், இவ்வட்டாரத்துப் பிழைப்பு பெரிதும் பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையை நம்பியே இருக்கிறது. பங்காருபேட்டையில் அதிகாலை ரயிலேறுவோரில் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களுக்குச் செல்லும் இளம் பொறியாளர்களும் உண்டு. அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

எஃகு உத்திரத்தின்மீது கான்கிரீட் தளம் வார்த்து, இரண்டையும் ஸ்டட் ஆணிகளால் பிணைத்தால் அது கூட்டு உத்திரம். ஷியர் எனப்படும் வெட்டு விசை அதில் இரு வகையாக எழுகிறது. ஒன்று செங்குத்தானது, அதை எஃகின் இடைத்தகடு தாங்குகிறது. மற்றொன்று தளமும் எஃகும் தொடும் பரப்பில் கிடையாக எழுவது. அதைத் தாங்குபவை ஆணிகள் மட்டுமே.

ஒரு கணக்கைப் பாருங்கள். 8 மீட்டர் நீளமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 400 உத்திரம், காரணி சேர்த்த சுமை மீட்டருக்கு 50 கிலோநியூட்டன். முனையில் செங்குத்து வெட்டு விசை 200 கிலோநியூட்டன். ஐ.எஸ். 800:2007 விதிப்படி இடைத்தகட்டின் தாங்குதிறன் ஏறத்தாழ 467. கவலையில்லை. ஆனால் தளம் போதிய வலிமையுடையது, பிணைப்பு முழுமையானது என்று கொண்டால், நடுப்புள்ளிக்கும் முனைக்கும் இடைப்பட்ட 4 மீட்டரில் ஆணிகள் கடத்த வேண்டிய விசை எஃகின் முழு இழுவிசைக்குச் சமம்: ஏறத்தாழ 1,783 கிலோநியூட்டன். முன்னதைப்போல் ஒன்பது மடங்கு! ஓர் ஆணி 70 தாங்கும் எனில், ஒவ்வொரு பாதியிலும் 26 ஆணிகள் வேண்டும்.

மென்பொருளின் வெட்டு விசை வரைபடம் காட்டுவது அந்த 200ஐ மட்டுமே. கிடை விசையைக் கணக்கிடும் பகுதி தனியே இருக்கிறது. பிணைப்பு முழுமையா பகுதியா, தகட்டின் நெளிவு எத்திசையில், கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்கப்படுமா என்பனவற்றை அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன் இயல்பான அனுமானங்களோடு கணக்கிட்டுப் பச்சை நிறம் காட்டிவிடும். அந்தப் பச்சையைப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தையே நான் எதிர்க்கிறேன்.

இது வீண் அச்சமன்று. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று மூழ்கியது. அது கூட்டு உத்திரமன்று. ஆயினும் பாடம் ஒன்றே. அதன் கணினி மாதிரியில் கூறுகள் சரிவரப் பகுக்கப்படாததால், ஒரு சுவரின் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக வந்திருந்தது. பின்னர்ச் செய்த நுண்ணிய கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் அச்சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். அந்தக் கணக்கை முன்பே செய்திருக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு கூட்டு உத்திர வகைக்கும் கையால் எழுதிய ஒரு பக்கக் கணக்கு, மென்பொருள் அறிக்கையுடன் இணைக்கப்பட வேண்டும். அதில் மூன்று வரிகள் போதும்: இடைத்தகட்டின் வெட்டு விசை, ஆணிகளின் கிடை விசை, கான்கிரீட் ஈரமாக இருக்கையில் எஃகு தனித்துத் தாங்கும் சுமை. இதற்கு அரை மணி நேரம் செலவாகும். கல்லூரிகளும் மென்பொருளைக் கற்பிக்கும் முன் இந்தப் பக்கத்தை எழுதப் பழக்க வேண்டும். தளத்தின்மீது நடக்கப்போகிறவர்களுக்கு நாம் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினோம் என்பது தெரியாது. வரைபடத்தில் இருப்பதோ நம் கையெழுத்து.